மூடிப்போன மனநல மருத்துவமனையின் பிணவறையைப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிணவறைக்குள் நீங்கள் இருக்கப்போவது அதிகம் போனால் இருபது நிமிடம். அதற்கு முன்னால் இரண்டு மூன்று மாத வேலை இருக்கிறது. பின்னாலும் கொஞ்சம் இருக்கிறது. அந்த இருபது நிமிடத்துக்காக மட்டும் கிளம்புகிறவர்கள் துருப்பிடித்த கதவையும் உடைந்த சன்னலையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். எந்தப் பாழடைந்த கட்டடத்திலும் அது கிடைக்கும். இதற்கென்று ஒரு பிணவறை தேவையில்லை.

இந்த வழிகாட்டி இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியின் பழைய மாவட்ட மனநலக் காப்பகங்களைப் பற்றியது. நான் பார்த்ததும் படித்ததும் அவற்றைத்தான். ஏன் அங்கே இத்தனை கட்டடங்கள்? 1845ல் வந்த சட்டம், ஒவ்வொரு மாவட்டமும் ஏழை மனநோயாளிகளுக்கென்று ஒரு காப்பகம் கட்டியே ஆகவேண்டும் என்றது. ஊருக்கு வெளியே, மேட்டில், நூற்றுக்கணக்கான ஏக்கரில் கட்டினார்கள். வயல், பால்பண்ணை, சலவைக்கூடம், தேவாலயம், தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் எல்லாம் உள்ளேயே. 1950களின் நடுவில் உள்நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,50,000. 1961ல் சுகாதார அமைச்சர் ஈனாக் பவல் இந்தக் கோபுரங்களைச் சுட்டிக்காட்டியே, இவை போகவேண்டும் என்று பேசினார். பெரும்பாலானவை 1980களிலும் 90களிலும் மூடப்பட்டன. சில இடிந்தன, சில அடுக்குமாடிக் குடியிருப்பாயின, சில அப்படியே நின்று மக்கின.

நம்மூரில் ‘கீழ்ப்பாக்கம்’ என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே கேலி ஆகிவிடுகிறதல்லவா? லண்டன்காரர்களுக்கு அப்படி இருந்த பெயர் கோல்னி ஹாட்ச். 1851ல் திறந்த காப்பகம் அது. பெயர் அவ்வளவு கெட்டுப்போனதால் பிறகு ஃப்ரியர்ன் என்று மாற்றினார்கள். 1993ல் மூடியது. இப்போது அங்கே விலையுயர்ந்த வீடுகள். நீச்சல்குளமும் உண்டு.

படி 1: முதலில் காகிதத்தில் கண்டுபிடியுங்கள்

பிணவறையை நேரில் தேடாதீர்கள், வரைபடத்தில் தேடுங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகம், ஆர்டினன்ஸ் சர்வே என்ற பிரிட்டனின் நில அளவைத் துறை வரைந்த பழைய வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் 25 அங்குல வரிசை என்று ஒன்று உண்டு, ஒரு மைலை 25 அங்குலத்தில் வரைந்தது. இங்கிலாந்தும் வேல்சும் அதில் அடக்கம். கட்டடம் கட்டடமாக வரைந்திருப்பார்கள். காப்பகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தேவாலயம், சலவைக்கூடம், எரிவாயு நிலையம் என்று பொடி எழுத்தில் இருக்கும். பல இடங்களில் பிணவறை என்றும் குறித்திருப்பார்கள்.

குறிக்காவிட்டாலும் ஊகிக்கலாம். 1890களிலிருந்து ஜார்ஜ் தாமஸ் ஹைன் போன்ற கட்டடக் கலைஞர்கள் கட்டிய காப்பகங்களை மேலிருந்து பார்த்தால் அம்பு முனை மாதிரி இருக்கும். நடுவில் நிர்வாகம், சமையலறை, பெரிய கூடம். ஒரு சிறகில் ஆண்கள், மறு சிறகில் பெண்கள். வார்டுகள் படிப்படியாகப் பின்வாங்கி நிற்பதால் எல்லாவற்றுக்கும் தெற்கு வெயில் கிடைக்கும். பிணவறைக்கு அந்த வெயில் வேண்டாம், பார்வையும் வேண்டாம். ஆகவே பின்பக்கம், கொதிகலன் வீட்டையோ பட்டறைகளையோ ஒட்டி, வார்டு சன்னல்களிலிருந்து தெரியாத மூலையில் ஒரு சிறிய தனிக் கட்டடத்தைத் தேடுங்கள். பின்வாசல் சாலை அதன் கதவுவரை வரும், பிணவண்டி வந்துபோக. மற்ற கட்டடங்களில் எல்லாம் பெரிய சன்னல் இருக்கும்போது இதில் மட்டும் சன்னல் ஆளுயரத்துக்கு மேலே இருக்கும். கூரையில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன எழும்பல், பக்கவாட்டில் காற்றோட்டப் பலகைகள். இவை சேர்ந்து இருந்தால் அனேகமாக அதுதான்.

அடுத்தது பலரும் விட்டுவிடுகிற இடம்: உள்ளூராட்சி மன்றத்தின் கட்டட அனுமதிப் பக்கம். மூடிய காப்பகத்தை வாங்கியவர் எவராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் இடிக்கவோ மாற்றவோ விண்ணப்பித்திருப்பார். அந்த விண்ணப்பத்தோடு வரலாற்று அறிக்கை, கட்டட உறுதி அறிக்கை, தளவரைபடம், வௌவால் கணக்கெடுப்புவரை பி.டி.எஃப். ஆகக் கிடக்கும். காசு இல்லை. எந்தத் தளம் விழுந்துவிட்டது, எந்தக் கூரை தாங்காது, எந்த அறையில் ஆஸ்பெஸ்டாஸ் என்று பொறியாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். ஒரு மழைநாள் சாயங்காலம் உட்கார்ந்து இவற்றைப் படித்தால், நேரில் பத்துத் தடவை போனாலும் தெரியாதது தெரியும்.

வௌவால் என்றதும் சிரிக்கவேண்டாம். பிரிட்டனில் எல்லா வகை வௌவாலுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதன் இருப்பிடத்தைக் கலைப்பது குற்றம். இருட்டான, யாரும் வராத, கூரையில் இடுக்குள்ள பிணவறையை வௌவாலுக்குப் பிடிக்காமல் இருக்குமா?

படி 2: அனுமதி

இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறர் இடத்தில் அத்துமீறி நுழைவது பொதுவாக உரிமையியல் விவகாரம்தான், குற்றம் ஆகாது என்று சொல்லிச் சொல்லியே பலர் வேலி தாண்டுகிறார்கள். பாதி உண்மை. பூட்டை உடைத்தால் சொத்துச் சேதம். ஒரு கண்ணாடிப் புட்டியைப் பையில் போட்டால் திருட்டு. அந்த எண்ணத்தோடு நுழைந்ததாகத் தெரிந்தால் அதைவிடப் பெரிய வழக்கு. விசாவில் இருக்கிற நம் ஆட்களுக்கு இதெல்லாம் விளையாட்டில்லை.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அனுமதியோடு போனால் கதவு திறந்திருக்கும், பகல் வெளிச்சம் இருக்கும், எந்தத் தரை தாங்கும் என்று சொல்ல ஆள் இருப்பார். பயந்துகொண்டே பார்க்கிற இருபது நிமிடமும் நிதானமாகப் பார்க்கிற இருபது நிமிடமும் ஒன்றல்ல.

நிலப் பதிவகத்தில் சிறிய கட்டணம் கட்டினால் உரிமையாளர் யார் என்று தெரிந்துவிடும். கடிதம் எழுதுங்கள். என்ன பார்க்கவேண்டும், எத்தனை பேர், எவ்வளவு நேரம், படங்களை எங்கே பயன்படுத்துவீர்கள் என்று நான்கு வரி போதும். இடிப்பதற்கு முன் கட்டடத்தைப் பதிவுசெய்து வைக்கும் கட்டாயம் பல உரிமையாளர்களுக்கு உண்டு. படங்களின் பிரதி தருகிறேன் என்று சொன்னால் காது கொடுப்பார்கள். நான் எழுதிய ஏழு கடிதங்களில் நான்குக்குப் பதிலே இல்லை, இரண்டு மறுப்பு. ஏழாவது பலித்தது.

கிடைக்கவில்லையா? கதவு திறந்தே இருக்கும் இடங்களுக்குப் போங்கள். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், 1848 முதல் 1994 வரை நடந்த ‘சென்ட்ரல் ஸ்டேட்’ மனநல மருத்துவமனை வளாகத்தில், 1896ல் திறந்த நோய்க்குறியியல் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். பிரேதப் பரிசோதனை அறை, மாணவர்கள் உட்கார்ந்து பார்த்த அரைவட்ட வகுப்பறை, ஆய்வுக்கூடங்கள் எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. சாடிகளில் இருக்கும் மூளைகள் யாருடையவை, அவர் எப்படி வாழ்ந்தார் என்று தேடி எழுதி வைக்கும் வேலையையும் அவர்கள் செய்திருக்கிறார்கள். அதற்காகவே போகலாம். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் அராரட் ஊரில், 1860களில் தொடங்கி 1990களில் மூடிய அராடேல் காப்பகத்துக்கு வழிகாட்டியோடு சுற்றுலா உண்டு, பிணவறையும் அதில் சேர்த்தி. இரவில் பேய்ச் சுற்றுலாவும் நடத்துகிறார்கள். பகலில் போங்கள் என்பேன்.

வேல்ஸின் டென்பி காப்பகத்துக்கு மட்டும் வேலி தாண்டிப் போகும் ஆசை வேண்டாம். 2008ல் தீ விழுந்து முக்கியக் கூடம் போனது. மிச்சமும் பல ஆண்டுகளாக ஆபத்தான நிலை. அதன் பிறப்புக் கதையை மட்டும் படித்துவிடுங்கள். 1842ல் க்ளாஸ்டர் காப்பகத்தின் மருத்துவர் சாமுவேல் ஹிட்ச், ‘தி டைம்ஸ்’ பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். வேல்ஷ் மட்டுமே பேசும் நோயாளிகளை ஆங்கிலக் காப்பகத்தில் அடைத்தால் அவர்கள் சொல்வது யாருக்கும் புரியாது, யார் சொல்வதும் அவர்களுக்குப் புரியாது, இதைவிடக் கொடுமை இல்லை என்பது அதன் சாரம். அதன்பின் நிதி திரட்டி 1848ல் திறந்தார்கள். 1995ல் மூடினார்கள். பேச்சுத்துணைக்காகக் கட்டிய கட்டடம் அது.

படி 3: முகமூடி, உடுப்பு

இந்தப் படியைத் தாண்டிப் போகவேண்டாம். பேயைவிட, போலீஸைவிட, இடியும் கூரையைவிட ஆஸ்பெஸ்டாஸ் மோசம், ஏனென்றால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூச்சில் போன இழை பதினைந்து, இருபது, நாற்பது வருஷம் கழித்து நுரையீரலின் உறையில் புற்றுநோயாக வந்து நிற்கும். பிரிட்டன் நீலம், பழுப்பு வகைகளை 1985லும் வெள்ளையை 1999லும் தடைசெய்தது. மருத்துவமனைகள் அதற்கு முன்பே கட்டியவை.

“எங்கள் வீட்டுக் கூரையே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான், ஒன்றும் ஆகவில்லையே” என்று கேட்பீர்கள். ஷீட்டில் இழையைச் சிமெண்ட் பிடித்து வைத்திருக்கும். உடைக்காமல் அறுக்காமல் இருக்கும்வரை வெளிவருவது குறைவு. இங்கே ஆபத்து நீராவிக் குழாய்களின் மேல் பூசிய காப்பு. பழைய பஞ்சுமெத்தை கிழிந்ததுபோல் தொங்கும், தொட்டால் மாவாக உதிரும். கொதிகலன் வீட்டை ஒட்டிய பிணவறையில் அந்தக் குழாய் இல்லாமல் இருக்காது.

நுண்ணிய தூசியையும் வடிகட்டும் எஃப்.எஃப்.பி.3 தர முகமூடி வேண்டும். கோவிட் காலத்தில் கட்டிய துணி, அறுவைச் சிகிச்சை முகமூடி எதுவும் ஆகாது. நான் முதல் தடவை பெயிண்ட் கடையில் வாங்கிய மெல்லிய வெள்ளை முகமூடியோடு போய் நின்றேன். தள மேலாளர் ஐம்பது வயதுப் பெண்மணி, கையில் அட்டைப் பலகை. மேலும் கீழும் பார்த்தார். “இதைப் போட்டுக்கொண்டு மாவு சலிக்கலாம்” என்றார். சரி, நல்லது வாங்கிவருகிறேன் என்றேன். “அது மட்டுமில்லை” என்று தன் தாடையைத் தொட்டுக் காட்டினார். என் தாடி. முகமூடியின் விளிம்பு தோலோடு ஒட்டவேண்டும், இரண்டு நாள் தாடி இருந்தாலே இடுக்கு விழும், எஃப்.எஃப்.பி.3 இருந்தும் இல்லாததுதான். இரண்டு மணி நேர ரயில் பயணம் வீண். அடுத்த வாரம் மழித்துக்கொண்டு போனேன். அன்று இரவு வீடியோவில் அம்மா முதலில் கேட்டது, “யாருக்கு என்னடா ஆச்சு?”

உடுப்பு: தலைமூடியோடு கூடிய, ஒரு தடவை போட்டு எறியும் முழு உடை. கயிறு இல்லாத பூட்ஸ் நல்லது, கயிற்று முடிச்சில் இழை சிக்கினால் போகாது. அடிப்பாகம் ஆணி ஏறாததாக இருக்கட்டும். தலைக்கவசம், நெற்றி விளக்கு, இன்னொரு கை விளக்கு, மாற்று பேட்டரி, தடித்த கையுறை. பையில் ஈரத் துடைப்பான், பெரிய பிளாஸ்டிக் பைகள் இரண்டு. தனியாகப் போகாதீர்கள். வெளியே ஒருவரிடம், “மூன்று மணிக்குள் கூப்பிடாவிட்டால் இந்த எண்ணுக்குப் பேசு” என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

படி 4: உள்ளே நடப்பது

பிணவறை பெரும்பாலும் தரைத்தளம், சிமெண்ட் அல்லது ஓடு பதித்த தரை. அதனால் அந்தக் கட்டடம் மட்டுமென்றால் கவலை குறைவு. வார்டுகள் வழியாகப் போகவேண்டியிருந்தால் கவனம் வேண்டும். மரத்தரையில் சுவரை ஒட்டி நடங்கள், உத்தரத்தின் முனை சுவரில் உட்கார்ந்திருக்கும். ஆனால் கூரை ஒழுகிச் சுவர் நனைந்திருந்தால் அந்த முனைதான் முதலில் மக்கும், அங்கே அந்த விதி செல்லாது. தரையெங்கும் செங்கல் பொடி தூவினதுபோல் துருச் சிவப்புத் தூசி படிந்திருக்கிறதா? செங்கல் பொடி அல்ல. மரத்தை உள்ளிருந்து தின்னும் பூஞ்சையின் வித்துகள். அந்த அறைக்குள் காலே வைக்காதீர்கள்.

சுரங்கப் பாதை உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பிணங்களை ரகசியமாகக் கொண்டுபோகக் கட்டியது என்று கதையும் சேர்ந்தே வரும். பெரும்பாலும் அவை நீராவிக் குழாய் ஓடும் கால்வாய்கள், ஆள் குனிந்துதான் போகவேண்டும். காப்பு உதிர்ந்து கிடப்பதும், காற்று கெட்டுக் கிடப்பதும் அங்கேதான். அனுமதி கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

படி 5: அறையைப் படிப்பது

உள்ளே போனதும் கேமராவை எடுக்காதீர்கள். ஒரு நிமிடம் நில்லுங்கள், கண் பழகட்டும். பெரும்பாலும் மூன்று பகுதி இருக்கும். குளிர்ப்பெட்டி அறை, பரிசோதனை அறை, உறவினர் பார்ப்பதற்கான ஒரு சின்ன அறை.

அந்தச் சின்ன அறையிலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் பரிசோதனை அறைக்கு ஓடுவார்கள். நான் பார்த்த இடத்தில் அது எட்டடிக்கு ஆறடி. சுவரில் ஒரு கண்ணாடிச் சன்னல், மறுபக்கம் திரை தொங்கிய கம்பி. கண்ணாடியின் கீழ்ச் சட்டத்தில் மட்டும் வார்னிஷ் தேய்ந்து மரம் தெரிந்தது, கை வைத்து நின்ற உயரத்தில். ஆனால் தேய்மானம் கொஞ்சம்தான். வாசற்கதவுக் கைப்பிடி தேய்ந்த அளவுக்கு இது தேயவில்லை. வந்து பார்த்தவர்கள் குறைவு என்று அதற்கு அர்த்தமா, திட்டமாகச் சொல்ல முடியாது. இருபது முப்பது வருஷம் உள்ளே இருந்தவர்களுக்கு வெளியே யார் மிஞ்சியிருப்பார்கள்?

பரிசோதனை அறையில் முதலில் தெரிவது மேடை. பழையதென்றால் கற்பலகை, இருபதாம் நூற்றாண்டென்றால் வெள்ளைப் பீங்கான், ஒரே வார்ப்பு. பீங்கான் மேடை அழுக்குப் படிந்தும் அழகாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குனிந்து பக்கவாட்டில் விளக்கடித்துப் பாருங்கள். மீன்முள்போல் சாய்வாகக் காடிகள் ஓடி நடுக் காடியில் சேரும், அது மெதுவாகச் சரிந்து ஒரு துளைக்குப் போகும். துளையைச் சுற்றிப் பச்சை வளையம் இருந்தால் பித்தளை, பழுப்பு என்றால் இரும்பு. ஓரம் சற்று உயர்ந்திருக்கும், தண்ணீர் வழியாமல் இருக்க. நம் அம்மிக்கல்லைக் கொத்துகிறவர் போலவே, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று யோசித்த ஒரு தொழிலாளியின் கைவேலை அது.

மேடைக்கு நேர் மேலே கூரைக் கண்ணாடி. மின்விளக்கு வருமுன் அதுதான் வெளிச்சம், நிழல் விழாமல் மேலிருந்து இறங்கும். பக்கத்தில் ஆழமான தொட்டிகள், தராசு தொங்கிய கொக்கி, சுவரில் கரும்பலகை.

கரும்பலகையைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். வெள்ளை பெயிண்டில் நிரந்தரமாக எழுதிய வரிசை: மூளை, இதயம், வலது நுரையீரல், இடது நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகங்கள். எதிரே எடையைச் சுண்ணக்கட்டியால் எழுத இடம். உறுப்பை எடுத்து எடைபோட்டு ஒருவர் சொல்ல, கையில் ஈரமில்லாத இன்னொருவர் எழுதுவார். எல்லா இடமும் அழிந்து சாம்பல் பூத்திருந்தது. முதல் வரியில் மட்டும் ஒரு எண் நின்றது: 1,140. கிராம். வளர்ந்தவர் மூளை சராசரியாக 1,300, 1,400 இருக்கும். இது குறைவு. மூப்பில் சுருங்கியதா, மறதி நோயா, சிறிய உடம்புக்காரரா, பலகை சொல்லாது.

மூளை ஏன் முதல் வரி? காப்பகங்கள் பிணவறையில் தேடியதே அதைத்தான். பைத்தியம் என்பது உடம்பில் எங்காவது தெரியவேண்டும் என்று நம்பினார்கள். யார்க்‌ஷயரின் வேக்ஃபீல்டு காப்பகத்தில் 1866 முதல் பத்து ஆண்டு பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் கிரைட்டன்-பிரவுன் ஆய்வுக்கூடமே வைத்தார். மூளையின் எந்தப் பகுதி எந்த உறுப்பை அசைக்கிறது என்று டேவிட் ஃபெரியர் 1873ல் அங்கே சோதனைகள் செய்தார். லண்டன் காப்பகங்களுக்காக 1890களில் க்ளேபரியில் ஃபிரெடரிக் மாட் ஆய்வுக்கூடம் நடத்தினார்.

பலன் கிடைத்தது, ஆனால் எல்லோருக்கும் அல்ல. கைகால் தளர்ந்து, பேச்சுக் குழறி, நானே ராஜா என்று பிதற்றிச் செத்த ஏராளமான ஆண்களின் நோய், சிபிலிஸ் என்ற மேகநோயின் கடைசிக் கட்டம் என்பது, 1913ல் நோகுச்சியும் மூரும் அப்படி இறந்தவர்களின் மூளையிலேயே கிருமியைக் கண்டபோது உறுதியானது. பிறகு பெனிசிலின் வந்தது, அந்த வார்டுகள் காலியாயின. ஃபிராங்ஃபர்ட் காப்பகத்தில் 1906ல் இறந்த ஆகுஸ்டே டேட்டர் என்ற பெண்ணின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தவர் ஆலோய்ஸ் அல்சைமர். எஸ்ஸெக்ஸின் ரன்வெல் மருத்துவமனையில் ஜான் கோர்செல்லிஸ் 1950களிலிருந்து ஆயிரக்கணக்கில் மூளைகளைச் சேர்த்தார். 1973ல் 15 குத்துச்சண்டை வீரர்களின் மூளைகளைப் பற்றி அவர் குழு எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. ஆனால் மனச்சிதைவு நோய் வந்து செத்தவரின் மூளையை வெட்டிப் பார்த்தவருக்குக் கண்ணில் பட்டது அனேகமாக ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதையும் எடையோடு எழுதி வைத்தார்கள்.

குளிர்ப்பெட்டி அறை பிந்திய காலச் சேர்க்கை. அதற்கு முன் வடக்குப் பார்த்த அறை, தடித்த சுவர், கற்தட்டு, காற்றோட்டம், இவ்வளவுதான். பெட்டி வந்தபின் 4 டிகிரி. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தட்டு, உருளைகள்மேல் இழுபடும் தாம்பாளம். கதவில் பெயர் அட்டை செருகும் சட்டம் இருக்கும். அட்டை ஏதும் இருந்தால் படம் எடுக்காதீர்கள்.

படி 6: செய்யக்கூடாதவை

குளிர்ப்பெட்டிக்குள் படுத்துப் படம் எடுக்கும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தால் உள்ளிருந்து திறக்க வழி இருக்கும் என்று நம்பாதீர்கள். காற்றுப் புகாமல் இருக்கத்தான் அந்தக் கதவே செய்யப்பட்டது. மேடைமேல் ஏறுவதும் அதே ரகம், உயிர்ப் பயம் இல்லாவிட்டாலும்.

சாடிகள் இருந்தால் திறக்காதீர்கள். ஃபார்மலின் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், புற்றுநோய் ஆபத்தும் உண்டு. வற்றிப்போன சாடியின் அடியில் வெள்ளைக் கட்டியாக இருப்பதும் அதன் மிச்சம்தான். உள்ளே திசு இருப்பதுபோல் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி உரிமையாளரிடம் சொல்லுங்கள். லிவர்பூலின் ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனையில் பெற்றோருக்குத் தெரியாமல் உறுப்புகளை எடுத்து வைத்திருந்தது 1999ல் வெளிவந்தது. அதன் விளைவாக 2004ல் மனிதத் திசுவுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு இது ‘பழைய காலத்துப் பொருள்’ அல்ல.

நோய்க்கிருமி இன்னும் இருக்குமா என்று கேட்கிறார்கள். எத்தனையோ ஆண்டு காய்ந்துபோன மேடையைவிட, போன வாரம் புறா போட்ட எச்சம் கவலைக்குரியது. காய்ந்த எச்சத் தூசி மூச்சில் போனால் நுரையீரல் தொற்று வரும். காலால் கிளறாதீர்கள்.

காகிதங்கள் கிடந்தால் மேலோட்டமாகப் பாருங்கள், புரட்டாதீர்கள், எடுக்காதீர்கள். நோயாளிப் பதிவு என்றால் அதையும் உரிமையாளரிடம் சொல்லி, மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போகச் செய்யுங்கள்.

படி 7: படம்

முக்காலி, பிளாஷ் இல்லாமல், மேலிருந்து வரும் வெளிச்சத்தை நம்பி நீண்ட நேரம் திறந்து வைத்து எடுங்கள். மேகமூட்டமான நாள் சிறந்தது. பீங்கான் வெளுத்துப்போகாமல் ஒளியைக் குறைத்து வையுங்கள். நாற்காலியை இழுத்து மேடைப் பக்கத்தில் போட்டு, பொம்மை வைத்து ஜோடனை செய்யாதீர்கள். அப்படி ஜோடித்த படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும், நாற்காலியின் காலடித் தூசியில் தடம் இருக்கும்.

படி 8: வெளியே வந்த பிறகு

முதலில் உடையைக் கழற்றுங்கள், முகமூடியைக் கடைசியில். உடையை உட்புறம் வெளியே வரும்படி சுருட்டிப் பையில் கட்டி, அந்தத் தளத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கழிவோடு கொடுத்துவிடுங்கள். வீட்டு வாஷிங் மெஷினில் போடவேண்டாம். பூட்ஸை ஈரத் துணியால் துடையுங்கள். தலைக்குக் குளியுங்கள். நம்மூரில் துக்க வீட்டுக்குப் போய்வந்தால் அதைத்தானே செய்வோம்.

அப்புறம் இடுகாட்டுக்குப் போங்கள். பிணவறையிலிருந்து உடல் எங்கே போனது என்று பார்க்காமல் பிணவறையைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. யாரும் உரிமை கோராத ஏழைகளின் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க 1832 சட்டம் வழிசெய்திருந்தது. மற்றவர்கள் காப்பகத்தின் சொந்த நிலத்தில் புதைந்தார்கள். யார்க்‌ஷயர் மென்ஸ்டனில் ஹை ராய்ட்ஸ் காப்பகத்தின் இடுகாட்டில் 2,861 பேர். தெற்கே எப்சமில், அருகருகே இருந்த ஐந்து காப்பகங்களின் ஹார்ட்டன் இடுகாட்டில் ஏறத்தாழ 9,000 பேர். அந்த நிலத்தை 1983ல் தனியாருக்கு விற்றுவிட்டார்கள், மரமும் புதரும் மூடிவிட்டன. இப்போது தன்னார்வலர்கள் அங்கே புதைந்தவர்களின் வாழ்க்கையை ஒவ்வொன்றாகத் தேடி எழுதுகிறார்கள்.

கடைசியாக ஆவணக் காப்பகம். மாவட்ட ஆவணக் காப்பகங்களில் சேர்க்கைப் பதிவேடு, நோயாளி வரலாறு இவற்றோடு பல இடங்களில் பிரேதப் பரிசோதனைப் புத்தகமும் இருக்கும். வேக்ஃபீல்டு காப்பகத்தின் பதிவுகள் மேற்கு யார்க்‌ஷயர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. லண்டனில் மருத்துவ வரலாற்று நூலகமான வெல்கம் கலெக்‌ஷன் பல காப்பகங்களின் பதிவேடுகளை இணையத்திலேயே திறந்து வைத்திருக்கிறது. நேரில் போனால் பேனா கூடாது, பென்சில் மட்டும். நோயாளிப் பதிவுகள் பொதுவாக நூறு ஆண்டு மூடியிருக்கும், கணக்கு புத்தகத்தின் கடைசி வரியின் தேதியிலிருந்து.

நான் பார்த்த பிணவறையின் புத்தகங்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். இருக்கின்றன. 1,140 என்று பலகையில் நின்ற எண்ணைப் பற்றியும் சொன்னேன். மேசைக்கு அப்பால் இருந்த இளைஞர் கணினியில் பார்த்தார். “கடைசிப் புத்தகம் 1985ல் முடிகிறது. 2086 ஜனவரியில் வாருங்கள்” என்றார். சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்: மூளை 1,140. 2086.